எல்லிஸின் இடதுகைத் துப்பாக்கி

முயலைத் தலையில்தான் சுட வேண்டும். உடம்பில் பட்டால் கறி கெட்டுப்போகும். இறைச்சி ஆலைக்காரன் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரமாக எறிந்துவிடுவான். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, ஒரு முட்டை அகலம்கூட இல்லாத இடம். முர்டோ கெடி இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தைத்தான் சுட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் மானியடோட்டோ மேட்டுநிலத்தில் முயலைச் சுடுவது பொழுதுபோக்கில்லை. ஆடு தின்ன வேண்டிய புல்லை முயல் தின்றுவிடும். பத்து முயல் ஓர் ஆட்டுக்குச் சமம். அதனால் பெரிய பண்ணைகளில் முயல்காரன் என்று ஒருவனைச் சம்பளத்துக்கு வைப்பார்கள். குடியிருக்க வீடும் கொடுப்பார்கள். வேலை இருக்கிறவரைதான் வீடு. முர்டோ சுடுவான். அவன் மனைவி நைரி பின்னாலேயே வந்து குடலை எடுத்து, கால்களைக் கோர்த்து, ஜோடி ஜோடியாகக் கம்பியில் தொங்கவிடுவாள். பனிக்காலத்தில் அவள் விரல்களுக்குச் சூடு கிடைப்பது முயலின் வயிற்றுக்குள்தான்.

ஏப்ரலில் வேலி கட்டும்போது இறுக்கிய கம்பி அறுந்து முர்டோவின் வலது கண்ணில் அடித்தது. டனீடன் நகர ஆஸ்பத்திரியில் இமையைக் காப்பாற்றினார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

அதன் பிறகு வலது தோளில் துப்பாக்கியை வைத்து இடது கண்ணால் பார்க்கக் கழுத்து வளையவில்லை. இடது தோளுக்கு மாற்றினான். ஆனால் அவனுடைய துப்பாக்கியின் போல்ட், அதாவது வெடித்த கூட்டை இழுத்து வெளியே எறிந்து புதுத் தோட்டாவைத் தள்ளுகிற அந்தக் கைப்பிடி, வலது பக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கையைத் துப்பாக்கிக்கு மேலே சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் கன்னம் விலகும், குறி விலகும், இரண்டாவது முயல் வளைக்குள் போய்விடும். மூன்று மாதம் பார்த்தான். கம்பியில் தொங்கியவை பாதியாகக் குறைந்தன. அந்தப் பாதியிலும் உடம்பில் பட்டவை நிறைய.

பண்ணை மேலாளர் ஃபின்லே கெட்ட மனிதர் இல்லை. வெள்ளிக்கிழமை வாசலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமல், முர்டோவின் நல்ல கண் பக்கமாக நின்று பேசினார்.

"திங்கக்கெழமை காலைல உன்கூட ஒரு நடை வர்றேன் முர்டோ. இருவது முயல். தலைல. முடிஞ்சா எப்பவும்போல. முடியலன்னா... நம்ம ரெண்டு பேருக்குள்ளயும் மனக்கசப்பு வேண்டாம்."

"சரிங்க," என்றான் முர்டோ.

அவர் போன பிறகு நைரி கேட்டாள்: "என்ன சரி? எதுக்குச் சரின்ன?"

"வேற என்ன சொல்றது?"

அன்று சாயங்காலம் தபால் வண்டி ஓட்டுகிற பெண், கடிதங்களோடு ஒரு சேதியும் கொண்டுவந்தாள். வெட்டர்பர்ன் பக்கம் எல்லிஸ் டாம்ப்ளின் வீட்டில் முயல் சுடுகிற சின்னக் குண்டுத் துப்பாக்கி, ஒரு பாயிண்ட் டூ டூ, விற்பனைக்கு இருக்கிறது. போல்ட் இடது பக்கம்.

"இடது பக்கமா?" என்று முர்டோ இரண்டு தடவை கேட்டான். எங்கள் ஜில்லாவிலேயே அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை உறைபனி. வேலிக் கம்பி, புல் நுனி, ஆட்டின் முதுகு எல்லாவற்றிலும் வெள்ளை முள் முளைத்திருந்தது. காற்று கொஞ்சமும் இல்லை. வண்டியை நைரி ஓட்டினாள்.

"போன ஒடனே வெலயப் பேசாத," என்றாள். "மொதல்ல டீ குடி."

"டீ குடிக்கவா அறுவது கிலோமீட்டர் போறோம்?"

"மூஞ்சியையும் அப்படி வச்சுக்காத. உன் மூஞ்சிய பாத்தாலே வெல ஏறிடும்."

"எனக்கு இருக்கறது பாதி மூஞ்சி. பாதி வெலதான் ஏறும்."

அவள் சிரிக்கவில்லை. சிறிது தூரம் போன பிறகு சிரித்தாள்.

பெரில் டாம்ப்ளின் வாசலிலேயே அவர்கள் பூட்ஸைக் கழற்ற வைத்தாள். அந்த வீட்டில் அழுக்குக்கு இடமே கிடையாது. கெட்டிலில் முகம் தெரிந்தது. நிலக்கரி அடுப்பின் இரும்புக் கதவும் கறுப்பு மெருகில் மின்னியது. அடுப்புப் பக்கத்து நாற்காலியில் எல்லிஸ் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மடியில் கம்பளி. அதன்மேல் இடது கை கிடந்தது. அதன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணியை இடைவிடாமல் உருட்டிக்கொண்டிருந்தன.

"நடுக்குவாதம்," என்றாள் பெரில், வானிலை சொல்வது மாதிரி. "மூணு வருஷமாச்சு. ஊருக்கே தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். உக்காருங்க. சீஸ் ரோல் சூடா இருக்கு. லைசென்ஸ் கொண்டுவந்தீங்கல்ல?"

முர்டோ லைசென்ஸை மேஜையில் வைத்தான். அவள் கண்ணாடி போட்டுப் புகைப்படத்தையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு கண்ணு இருக்கே."

"அப்ப ரெண்டு இருந்துச்சு."

எல்லிஸின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது.

துப்பாக்கியை பெரில் ஃபிளானல் விரிப்பில் சுற்றிக் கைக்குழந்தையைக் கொண்டுவருவது மாதிரி கொண்டுவந்தாள். விரித்ததும் நைரி வாயில் இருந்ததை மெல்ல மறந்தாள். வால்நட் மரம் தேன் நிறத்தில் இருந்தது. இரும்பு, மழைக்கு முந்தைய மேகத்தின் நீலம். போல்ட்டின் கைப்பிடி இடது பக்கம், உலகம் இடவலம் மாறிக் கண்ணாடியில் தெரிவது போல.

முர்டோ அவசரப்படவில்லை. நைரிக்கு அவன் சோதிக்கிற விதம் தெரியும். முதலில் தோட்டா வைக்கிற அறை காலியா என்று விரலை விட்டுப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோய் மரத்தையும் இரும்பையும் சேர்க்கிற திருகாணிகளைப் பார்த்தான். அவற்றின் தலைப் பிளவுகள் சிதையவில்லை, கண்ட கை எதுவும் இதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிடியின் கழுத்தில் விரிசல் உண்டா என்று நகத்தால் வருடினான். போல்ட்டில் பொறித்த எண்ணும் உடம்பில் பொறித்த எண்ணும் ஒன்றே. தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடினால் அறையின் விளிம்பில் ஊசி குத்திய பள்ளம் விழும். அந்தப் பள்ளம் இல்லை. குழாயின் வாய் வட்டத்தைக் கட்டைவிரலால் சுற்றினான். அடி படாத வட்டம்.

போல்ட்டைக் கழற்றி, பின்பக்கம் தன் நகத்தை வைத்து, அதில் ஜன்னல் வெளிச்சம் விழும்படி செய்து, குழாயைக் கண்ணுக்குத் தூக்கினான்.

வலது கண்ணுக்கு.

அடுப்பில் ஒரு கரி விழுந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அந்த இரும்பை இருட்டின் மேல் வைத்துப் பிடித்திருந்தது. பிறகு மெதுவாக, யாரும் கவனிக்கவில்லை என்பது போல, மறுபக்கத்துக்கு நகர்த்தினான்.

"அடேயப்பா," என்றான்.

உள்ளே வெள்ளி. குழாயின் சுவரில் வெட்டிய வரிகள் சுழன்று சுழன்று, ஒரு துளி அழுக்கில்லாமல், அந்தக் கோடியிலிருந்த நக வெளிச்சம்வரை போயின.

"கண்ணாடி மாதிரி இருக்கு."

பெரிலின் முகம் மலர்ந்தது. "இருக்காதா பின்ன?"

"நானூத்தி அம்பது டாலர்னு தபால்காரம்மா சொன்னாங்க," என்றான் முர்டோ. நைரி மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

"சுட்டுப் பாரு," என்றார் எல்லிஸ். குரல் தாழ்ந்து, ஒவ்வொரு சொல்லும் வாசல் தேடி வந்தது. "சுடாம. வாங்காத."

வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலத்தின் கோடியில் களிமண் மேடு. அதன் முன்னால் ஆப்பிள் பெட்டியை நிறுத்தி, வெள்ளைத் தாளில் கறுப்பாக ஒரு காசு அகலத்துக்குப் பொட்டு வரைந்து ஒட்டினார்கள். ஐம்பது மீட்டர். முர்டோ பார்லி மூட்டையின் மேல் துப்பாக்கியைக் கிடத்தி, உறைந்த புல்லில் சாக்கு விரித்துப் படுத்தான். பெரில் எல்லிஸைக் கம்பளியோடு வெளியே கொண்டுவந்து சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தாள். நைரி பைனாகுலரை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து தோட்டா சுட்டான். பாயிண்ட் டூ டூ பெரிதாகச் சத்தம் போடாது. குளிரில் சுள்ளி ஒடிகிற சத்தம்தான். போல்ட் அவன் கைக்குத் தானாகவே வந்தது. கன்னம் மரத்தை விட்டு நகரவே இல்லை. அதைப் பார்க்கவே நைரிக்கு நெஞ்சு நிறைந்தது.

பிறகு பைனாகுலரைத் தூக்கினாள்.

"என்ன?" என்றான்.

"ஒண்ணு மேல. ஒண்ணு கீழ இடது. ஒண்ணு..." அவள் நிறுத்தினாள். "நீயே வந்து பாரு."

தேநீர்க் கோப்பையின் தட்டால் மூடினால்தான் ஐந்தும் அடங்கும். முயலின் தலை அவ்வளவு பெரிதில்லை.

முர்டோ தாளின் முன்னால் நின்றான். துப்பாக்கியின் மேல் பொருத்திய ஸ்கோப், குறிபார்க்கிற அந்தக் கண்ணாடிக் குழல், ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்திருந்தான். ஆடவில்லை. காற்று இல்லை. மூட்டை நகரவில்லை.

"துப்பாக்கி சரியில்லையா?" என்று நைரி மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல. இது கெட்ட துப்பாக்கியா இருந்தா வேற தேடலாம். நான் கெட்டுப்போயிருந்தா?" அவன் தாளைத் தொட்டான். "இந்த அஞ்சு ஓட்டையில எது அதோடது, எது என்னோடதுன்னு எப்படி சொல்லுவேன்? பழைய கண்ணு இருந்தா ஒரே நிமிஷத்துல சொல்லிருப்பேன். இந்தக் கண்ணு சுடுமான்னே எனக்குத் தெரியாதே நைரி."

திரும்பி நடந்து வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே பெரில் புரிந்துகொண்டாள். "வேண்டாம்னா பரவால்ல. டீ இன்னும் இருக்கு," என்றாள். ஆனால் அவள் கழுத்து சிவந்திருந்தது.

"என்னைப் படுக்க வை," என்றார் எல்லிஸ்.

"என்னது?"

"படுக்க வை பெரில்."

"கரண்டியப் புடிக்க முடியாது, துப்பாக்கி புடிக்கப் போறாராம்! டாக்டர் என்ன சொன்னாரு?"

"கார் ஓட்டாதன்னாரு. துப்பாக்கியப் பத்தி. அவரு கேக்கல."

"கேட்டிருந்தா மயங்கி விழுந்திருப்பாரு மனுஷன்."

"இங்க இடதுகை. வேற யாருக்கு இருக்கு? லைசென்ஸும். அடுத்த மே மாசம் வரைக்கும் இருக்கு."

அவர் சொன்னது சரி. துப்பாக்கியா ஆளா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு ஆள் சுட வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து அவரைச் சாக்கின்மேல் இறக்கினார்கள். முழங்கால் மடங்க மறுத்தது, தோள் பிடித்துக்கொண்டது. "மயிர் வெட்டப் போற கெடா மாதிரி மல்லாக்கப் போட்டுடாதீங்க," என்று அவர் முனகினார். கடைசியில் குப்புறப் படுத்தார். வலது கை துப்பாக்கியின் அடியில். இடது கை பிடியில். குழாயின் வாய் காற்றில் வளையம் வளையமாகச் சுற்றியது.

அவர் விரல்களால் அந்தச் சின்னத் தோட்டாவை எடுக்க முடியாது. பெரில் பனிப்புல்லில் மண்டியிட்டு, ஒன்றை எடுத்து அறைக்குள் வைத்து, முர்டோ சொல்லிக் கொடுத்தபடி போல்ட்டைத் தள்ளி மூடினாள். வாயில் மாத்திரை வைக்கிற அதே கவனம்.

எல்லிஸ் கன்னத்தை மரத்தில் சாய்த்தார். மூச்சை உள்ளே இழுத்துப் பாதியை விட்டார்.

வளையங்கள் சிறுத்தன. ஒரு தட்டின் அகலம், பிறகு ஒரு மோதிரத்தின் அகலம். பிறகு நின்றுவிட்டது. மூன்று வருடமாக, சாப்பிடும்போதும் ரேடியோ கேட்கும்போதும் உருட்டிக்கொண்டே இருந்த அந்தக் கை, கல்லில் செதுக்கியது போல அசையாமல் இருந்தது. பெரில் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெடித்தது. குழாயின் வாயில் மெல்லிய வெள்ளைப் புகை ஒன்று தொங்கிக் கலைந்தது.

"மேல. தாளோட ஓரத்துல," என்றாள் நைரி.

முர்டோ கண்ணை மூடினான். அப்படியானால் துப்பாக்கிதான். அவன் உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது. உடனே வேறொன்று ஏறியது. திங்கட்கிழமைக்கு இன்னொரு இடதுகைத் துப்பாக்கிக்கு எங்கே போவது?

ஆனால் எல்லிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்ன நாத்தம் இது?"

"நாத்தமா? நல்ல எண்ணெய்," என்றாள் பெரில்.

"பெரில். கொழாய்க்குள்ள எதாவது விட்டியா?"

"எதாவதா? மூணு நாளு தேச்சேன்! பெட்ரோல் ஊத்தி, பிரஷ் போட்டு, மறுபடி துணி போட்டு. மொதல் துணி எப்படி வந்துச்சு தெரியுமா? சாக்கடை! கடைசித் துணி வெள்ள வெளேர்னு வந்துச்சு. அப்பறம் எண்ணெய். ஊரான் வீட்டுக்கு அழுக்கோடவா ஒரு சாமான் அனுப்புவேன் நான்?"

எல்லிஸ் நெற்றியை மூட்டையில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நோயா அழுகையா என்று மற்றவர்கள் பயந்தபோது சிரிப்புச் சத்தம் வந்தது.

"பதினெட்டு வருஷம்," என்றார். "பதினெட்டு வருஷமா. ஒரு துணிகூட விடல. அதுக்குள்ள."

"அத சொல்லிக்க வெக்கமா இல்ல?"

"அந்த அழுக்குதான். சுடும்."

பெரில் முர்டோவைப் பார்த்தாள், இந்த ஆளுக்குப் புத்தியும் போய்விட்டதா என்று கேட்பது போல. ஆனால் முர்டோ எழுந்து நின்றுவிட்டான். தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. ஈயக் குண்டின் மேல் மெழுகு இருக்கும். ஒவ்வொரு குண்டும் போகும்போது உள்சுவரில் கொஞ்சம் மெழுகைப் பூசிவிட்டுப் போகும். அந்தப் பூச்சின் மேல்தான் அடுத்த குண்டு ஒரே மாதிரி வழுக்கிப் போகும். அவனுடைய துப்பாக்கியில் அது என்றும் இருந்தது. அவன் அதைத் தேய்த்ததே இல்லை, அதனால் யோசித்ததும் இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று மயங்கினானே, அந்தக் கண்ணாடிதான் குற்றவாளி.

"எனக்குப் புரியல," என்றாள் பெரில்.

"பைக்லெட் சுடுவீங்கல்ல?" என்றாள் நைரி. பைக்லெட் இரும்புக் கல்லில் மாவை ஊற்றிச் சுடுகிற சின்ன இனிப்பு அடை. "கல்ல சோப்பு போட்டுத் தேச்சா என்னாகும்?"

"கல்லுக்கு யாரு சோப்பு போடுவா? மாவெல்லாம் ஒட்டிக்கும். எண்ணெ ஏறி மறுபடி பழகறதுக்குள்ள மொத அடையெல்லாம் நாய்க்குத்தான்."

அவள் வாய் திறந்தபடி நின்றது. பிறகு துப்பாக்கியைப் பார்த்தாள். "ஐயோ," என்றாள். "கல்லத் தேச்சுட்டேனா நானு?"

"தோட்டா வை," என்றார் எல்லிஸ்.

அவள் வைத்தாள். அவர் சுட்டார். அடுத்தது. அடுத்தது. ஒவ்வொரு தடவையும் வளையம் சிறுத்து நிற்கும். நிற்கும் நேரம் ஒரு மூச்சளவுதான். அந்த மூச்சுக்குள் அவர் சுட்டுவிடுவார். நைரி பைனாகுலரிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். "மேல வலது." "கீழ." "கொஞ்சம் உள்ள வந்துருக்கு." எட்டாவதோ ஒன்பதாவதோ ஆனபோது ஓட்டைகள் பொட்டைச் சுற்றிக் கூட ஆரம்பித்தன, சாயங்காலம் ஆடுகள் வாயிலுக்கு வருகிற மாதிரி. பதினான்காவது பொட்டின் நடுவில்.

பதினைந்தாவது வெடித்தது.

"எங்க போச்சு?" என்றாள் நைரி. "தாள்லயே இல்ல."

"கை ஆடிடுச்சா?" என்றாள் பெரில். "போதும் எல்லிஸ், உதடெல்லாம் நீலமாயிருச்சு."

"தோட்டா."

பதினாறு. "இதுவும் காணோம்." பதினேழு. நைரி பைனாகுலரை இறக்கி, துடைத்து, மறுபடி தூக்கினாள். அவள் குரல் கோயிலுக்குள் பேசுவது மாதிரி ஆனது. "முர்டோ. பொட்டு நடுவுல இருக்கற ஓட்டை பெருசாயிருக்கு. எல்லாம் அதுக்குள்ளயே போகுது."

எல்லாரும் தாளிடம் ஓடினார்கள், எல்லிஸைத் தவிர. நான்கு தோட்டாக்கள் போன வழி ஒன்றுதான். ஒரு பட்டாணி அகலம். விளிம்பில் ஈயத்தின் சாம்பல் நிற வளையம். பெரில் அதைத் தொடத் தயங்கினாள். கணவனின் கையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே, தனியே படுத்திருந்தவரின் கை, சுட எதுவும் இல்லாததால், மறுபடி தன் மணியை உருட்டத் தொடங்கியிருந்தது.

அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெரில் கம்பளியோடு தன் கோட்டையும் போர்த்தினாள். எதுவும் திட்டவில்லை.

முர்டோ புதுத் தாளை ஒட்டிவிட்டு வந்து நின்றான். படுக்கவில்லை.

"துப்பாக்கி நல்லாருக்கு," என்றான்.

"தெரியுது," என்றாள் நைரி.

"வாங்கிக்கலாம். வீட்ல போய்ச் சுட்டுப் பாக்கறேன்."

"இங்கயே சுடு."

"இப்ப அது மேல பழி போட முடியாது நைரி."

"அதான் சொல்றேன். படு."

அவன் படுத்தான். சாக்கில் எல்லிஸின் உடல் சூடு இன்னும் இருந்தது. கன்னத்தை வைத்தான். ஸ்கோப்பின் வட்டத்துக்குள் பொட்டு மிதந்தது. நைரி பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டாள். ஒன்று. போல்ட் கைக்கு வந்தது, போனது. இரண்டு. மூன்று. நான்காவதுக்கு முன் நீண்ட நேரம் எடுத்தான்; நல்ல கண்ணில் நீர் கோத்திருந்தது, குளிரால். துடைத்துக்கொண்டான். நான்கு. ஐந்து.

நைரி நடந்து போனாள். ஓடவில்லை. ஐம்பது மீட்டர் பனிப்புல் அவள் காலடியில் நொறுங்குவது இங்குவரை கேட்டது. தாளின் முன்னால் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"என்ன?" என்று முர்டோ கத்தினான்.

அவள் திரும்பி, கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு அவற்றை மெதுவாக மடக்கி ஒரு முஷ்டியாக்கினாள்.

முர்டோ எழுந்திருக்கவில்லை. நெற்றியை வால்நட் மரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.

"நானூறு குடு போதும்," என்றார் எல்லிஸ். "அம்பது. அவ தேச்சதுக்குக் கழிச்சுக்கறேன்."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் பெரில். கண்ணீரைக் கோட்டின் கையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

திங்கட்கிழமை ஃபின்லே வந்தார். ஓடைக்கு மேலே உள்ள சரிவுகளில் வெயில் படும் இடத்தில் முயல்கள் உட்கார்ந்திருந்தன. முர்டோ இடது தோளில் சுட்டான். இரண்டு தப்பின, மூன்றாவதிலிருந்து தப்பவில்லை. ஃபின்லே ஒவ்வொன்றையும் காதைப் பிடித்துத் தூக்கி, தலையைத் திருப்பிக் காயம் எங்கே என்று பார்த்துவிட்டு நைரியிடம் கொடுத்தார். ஒன்பதாவதுவரை பார்த்தார். பத்தாவதைப் பார்க்காமலேயே கொடுத்தார்.

பிறகு கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு கூட நடந்தார். பதினைந்தாவது விழுந்தபோது, சரிவைப் பார்த்தபடியே கேட்டார்:

"உங்க வீட்டுத் தகரக் கூரைக்கு எப்ப கடைசியா பெயிண்ட் அடிச்சது நைரி?"

அவள் கைகள் இரண்டும் முயலின் வயிற்றுக்குள் இருந்தன.

"மறுபடி பச்சை வேண்டாம்," என்றாள். "செவப்பா அடிக்கச் சொல்லுங்க."